கிழக்குத் தெருவின் இடது நுரையீரல்

மலை இரண்டாகப் பிளந்து காற்றுக்கு வழிவிட்ட இடத்தில் கணவாய்ப்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஆடிக்காற்று வந்தால் வெறுமனே வந்து போவதில்லை, வேட்டியைத் தூக்கும், ஓட்டைத் தூக்கும், பேசுகிறவன் வாயிலிருந்து வார்த்தையைத் தூக்கிக்கொண்டுபோய் அடுத்த தெருவில் போடும், அதனால் அந்த ஊர்க்காரர்களுக்குக் குரல் பெரிது, ரகசியம் சிறிது. ஊருக்கு வெளியே, காற்றாலைகள் வரிசைகட்டிச் சுற்றுகிற பொட்டலில், நூல் நூற்று ஓய்ந்துபோன பஞ்சாலை ஒன்று நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. அதன் எந்திரங்களை விற்று, சுவருக்கு வெள்ளையடித்து, குளிர்சாதனம் வைத்து, ஒரு நிறுவனம் உள்ளே இரும்பு அலமாரிகளை நிறுத்தி அவற்றில் சர்வர் பெட்டிகளை அடுக்கியது. தென்மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் எடுக்கிற எக்ஸ்ரேயும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனை முடிவும் அந்தப் பெட்டிகளுக்குள்தான் வந்து சேர்ந்தன. அவற்றைக் கவனித்துக்கொள்ள வந்தவள் ஆவுடைச்செல்வி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, மேற்குத் தெருவில் மாடியறையில் வாடகைக்கு இருந்தாள். மில்லில் இப்போது நூல் இல்லை என்பதை யாரும் பொருட்படுத்தாமல் ஊர் அவளை மில்லு மேடம் என்றே கூப்பிட்டது.

அவளுடைய வேலையைச் சொல்வது எளிது, செய்வதுதான் கஷ்டம். எந்தப் படத்தையும் முழுசாக ஒரே பெட்டியில் வைப்பதில்லை, துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று பெட்டிகளில் வைப்பார்கள். நோடு என்று அவர்கள் சொல்லும் அந்தப் பெட்டிகளில் ஒன்று படுத்துவிட்டால், மிச்ச இரண்டும் சேர்ந்து வேறொரு பெட்டியில் இன்னொரு நகல் எழுதிவிடும். ஆக எப்போதும் மூன்று இருக்கும். திறக்கும்போது அவற்றில் இரண்டு நகலாவது ஒத்துப்போனால்தான் சரி என்று எடுத்துக்கொள்ளும். உயிரோடிருக்கிறதா என்று பெட்டிகளை விசாரித்துக்கொண்டே இருப்பதும், பதில் வராதவற்றைத் திறந்து பார்ப்பதும், செத்ததைத் தூக்கிவிட்டுப் புதியதை வைப்பதும் ஆவுடையின் பொழுது.

அந்த வருஷம் ஆடிக்காற்று மின்சாரத்தைப் பிடித்து ஆட்டியது. போதாக்குறைக்கு, கடைசியாக வந்து இறங்கிய டிஸ்குகள் அத்தனையும் ஊனமாகப் பிறந்தவை. காலையில் ஒன்று, மதியம் இரண்டு என்று பெட்டிகள் படுத்தன. உயிரோடிருந்தவை செத்தவற்றின் சுமையையும் தூக்கிக்கொண்டு திணறித் தாமும் படுத்தன. புதிய டிஸ்குகள் கப்பலில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள், கப்பல் எங்கே என்று கேட்டால் கடலில் என்றார்கள். ஒரு சாயங்காலம் திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது. எத்தனையோ பேருடைய எலும்பும் ரத்தமும் தன் கைக்குள்ளிருந்து ஒழுகிப் போகிறது என்ற நினைப்போடு ஆவுடை அறைக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தாள்.

விடிந்து வந்து பார்த்தபோது திரை பச்சையாக இருந்தது. படுத்த பெட்டிகள் படுத்தே கிடந்தன, அலமாரிகளில் விளக்கு எரியவில்லை. ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று நகல் இருப்பதாகக் கணக்குச் சொன்னது. பெட்டிகளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் டீக்கடை தாசையா என்றும், கட்டைக்குரல் சுப்பையா என்றும், மீன்காரி ரெஜினா என்றும், ஊர் எப்படிக் கூப்பிடுமோ அப்படியே பெயர்கள் வரிசையாக நின்றன.

அவள் தாசையாவின் கடைக்குப் போனாள். அவர் டீயைத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, கண்ணை மூடி, யாரோ தூரத்தில் கூப்பிட்டதற்குப் பதில் சொல்கிறவர் போல லேசாகத் தலையசைத்துவிட்டு மறுபடி ஆற்றினார்.

"என்ன அண்ணாச்சி?"

"யாரோ ஒரு பொம்பளையோட முழங்காலு மேடம், வலது காலு. கொஞ்சம் தேஞ்சிருக்கு. விடியும்போதே எங்கிட்ட வந்துட்டு. ஆஸ்பத்திரில இப்பக் கேட்டாக, குடுத்தேன். உங்களுக்குச் சீனி கம்மிதான?"

ஆவுடை சென்னையிலிருந்த மேலதிகாரி விசுவத்துக்குப் போன் போட்டாள்.

"எல்லாம் பச்சையா இருக்கா?" என்றார் அவர்.

"பச்சையாத்தான் சார் இருக்கு. ஆனா பெட்டியில இல்ல. ஊர்க்காரங்ககிட்ட இருக்கு."

"பதில் சீக்கிரமா வருதா?"

"பழைய பெட்டிய விடச் சீக்கிரமா வருது சார்."

"அப்ப கை வைக்காதீங்க," என்று சொல்லி அவர் வேறு வேலையைப் பார்க்கப் போனார்.

கணவாய்ப்பட்டியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. இடமில்லாமல் தவிக்கிறவர்களுக்கு ஒதுங்க இடம் கொடுப்பது அந்த ஊருக்குப் பழக்கம், காற்றில் லாரி நகராமல் மாட்டிக்கொண்ட டிரைவர்கள் எந்த வீட்டிலும் படுத்து எழுந்து போவார்கள், இதுவும் அது மாதிரி என்று நினைத்தார்கள். சலூனில் கத்தி கழுத்தில் இருக்கும்போது சவரம் செய்கிறவர் நின்றால், உட்கார்ந்திருப்பவர், "படம் போகுது போல, போயிட்டு வரட்டும்," என்று பொறுத்துக்கொண்டார். மீன் ஏலத்தில் ரெஜினா பாதி விலையில் வாயடைத்து நின்றால் கூட்டமும் சேர்ந்து நின்றது. கோயிலில் தீபாராதனைத் தட்டு ஒரு கணம் அந்தரத்தில் நின்று பிறகு சுற்றியது. தன்னிடம் இருப்பது யாருடையது என்று யாருக்கும் தெரியாது, ஆதலால் எங்க ஆளு என்று சொல்லிக்கொண்டார்கள். ஒடிந்த கையின் துண்டு வந்து சேர்ந்தவர்கள் அந்தக் கையால் குடம் தூக்குவதை விட்டார்கள். வயிற்றுப் பிள்ளையின் ஸ்கேன் வந்து சேர்ந்த கொத்தனார் ஒருவர் வேளாவேளைக்குச் சாப்பிட ஆரம்பித்தார், பீடியையும் நிறுத்தினார், அவர் பெண்டாட்டி அந்தப் பிள்ளைக்கு மனசுக்குள் ஒரு பெயரும் வைத்துவிட்டாள்.

பஞ்சாயத்துத் தலைவர் பரமார்த்தலிங்கம் மட்டும் கோபமாக மில்லுக்கு வந்தார். "ஊர்ல பால்காரன் வரைக்கும் ஏதோ ஒண்ணு வச்சிருக்கான். எனக்கு ஏன் வரல?"

ஆவுடை திரையைப் பார்த்துத் தயங்கி, "உங்ககிட்ட இடம் காலி இல்லன்னு காட்டுது சார்," என்றாள். அவர் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு போனார்.

அவர் கூட்டிய கூட்டத்தில்தான் ஆவுடை விதிகளைச் சொன்னாள். ஒரே துண்டை வைத்திருக்கும் மூன்று பேரும் ஒரே வேனில் கல்யாணத்துக்குப் போகக்கூடாது, ஒரே கிணற்றில் இறங்கித் தூர்வாரக்கூடாது. காய்ச்சல் வந்தால் உடனே சொல்லிவிட வேண்டும், அவரிடமிருப்பதை இன்னொருவர் வாங்கிக்கொள்வார். முக்கியமாக, இருக்கிறாயா என்று மில்லிலிருந்து காதுக்குள் கேட்கும்போது இருக்கேன் என்று சொல்லியாக வேண்டும், தூக்கத்திலோ சண்டையிலோ அதைக் கவனிக்காமல் விட்டால் ஆள் செத்துவிட்டதாக நினைத்து அவர் சுமையை அடுத்தவர் தலையில் ஏற்றிவிடும். முதல் வாரத்தில் அப்படி ஏற்றிப் பலருக்கும் தலைவலி. ஆகவே ஊர் ஓர் ஏற்பாடு செய்தது. ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டைக் கேட்கும், பதில் வாங்கி மறுபக்கம் தள்ளும், சொல் கைமாறிக் கைமாறி மில்லு வாசலுக்கு வந்து சேரும். காற்றோடு போட்டி போட்டுக்கொண்டு தெருத்தெருவாக அந்தக் குரல்கள் ஓடின.

கிழக்குத் தெருவில் மட்டும் சங்கிலி கடைசி வீட்டுக்கு முன்னால் அறுந்து நின்றது. கடைசி வீட்டில் இருந்தவள் பூலங்கொண்டாள், அதற்கு முந்தின வீடு அவள் தங்கை காந்திமதியுடையது. ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இருந்த அக்காவும் தங்கையும் அவர்கள் அப்பா ஆதிமூலம் செத்த வீட்டிலிருந்து பேச்சை நிறுத்தியவர்கள். தையல் மெஷின் போட்டிருந்த காந்திமதி ஒரு கேள்விக்கும் பதில் தவறியதில்லை, ஆனால் கிழக்கே திரும்பிக் கேட்டதும் இல்லை. பூலங்கொண்டாள் தினமும் கோலம் போட்டாள், கோழிக்குத் தீவனம் வைத்தாள், ஆவுடையின் திரையில் செத்தவளாக இருந்தாள். அவள் காதுக்குள் கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொன்னாளா இல்லையா என்பதைக்கூடக் கொண்டுவர ஆள் இல்லை. ஊருக்கே காரணம் தெரியும், யாரும் பேச்செடுக்கவில்லை.

ஒரு முற்பகலில் கோவில்பட்டி ஆஸ்பத்திரியிலிருந்து மெர்லின் என்ற டாக்டர் பேசினார். "ஒரு லாரி டிரைவரோட பழைய நெஞ்சு எக்ஸ்ரே வேணும்மா. இப்ப எடுத்ததுல இடது நுரையீரலோட மேல்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியுது, ஊசி விட்டுச் சதை எடுக்க முடியாத இடம். பழைய படத்துலயும் அதே அளவுல இருந்ததுன்னா எப்பவோ ஆறிப்போன தழும்பு, பயமில்ல. இல்லன்னா புதுசு, நெஞ்சத் திறக்கணும். வெள்ளிக்கிழமைக்கு நாள் குறிச்சாச்சு. படம் திறக்கவே மாட்டேங்குது."

ஆவுடை பார்த்தாள். படத்தின் மற்றத் துண்டுகள் எல்லாம் ஒழுங்காக வந்தன. இடது நுரையீரலின் மேல்பகுதித் துண்டு மட்டும் சிவப்பாக நின்றது. அதை வைத்திருந்தவர்கள் தையல்கார காந்திமதியும், பஸ் கண்டக்டர் உதுமானும், பூலங்கொண்டாளும். எந்த நகல் எங்கே என்று ஒதுக்குகிற, நோடுகளின் கூட்டமான கிளஸ்டர், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இடமாகத் தேடியபோது அதற்கு அந்த அக்கா தங்கையைவிடத் தூரமான இரண்டு இடம் ஊரில் கிடைக்கவில்லை. காந்திமதி கொடுத்ததும் உதுமான் கொடுத்ததும் ஒத்துப்போகவில்லை, அதனால் வேறொருவருக்கு நகல் எழுதவும் வழியில்லை, மூன்றாவது பதிலே இல்லை.

ஆவுடை விவரம் சொன்னதும் விசுவம் போனில் கேட்டார். "அந்தத் தையல்காரம்மா எப்படி?"

"ஒரு பதில் தவறினதில்ல சார்."

"கண்டக்டர்?"

"பஸ் மலைக்கு அந்தப் பக்கம் போனா விட்டுப்போயிடும். திரும்பி வந்துதான் சொல்வாரு."

"அப்புறம் என்ன யோசனை? நல்லா ஓடுற நோடு எதுவோ அதச் சரின்னு வச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் தள்ளி விடுங்க. ஒரே ஒரு கட்டளை."

அவர் சொன்னதில் தப்பில்லை, புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கும், பெட்டியாக இருந்தால் ஆவுடையும் அதைத்தான் செய்திருப்பாள். கட்டளையை அடித்து முடித்தாள். கடைசிப் பொத்தானில் விரலை வைத்தாள். அடுத்த நொடி எங்கேயோ முகம் தெரியாத ஒரு மனிதனின் விலா எலும்பில் தன் விரல் இருப்பது போலத் தோன்றிக் கையை எடுத்துக்கொண்டாள். "போய்ப் பாத்துட்டு வந்து அடிக்கேன் சார்," என்று சொல்லிவிட்டுக் காற்றில் சேலையை இறுக்கிச் செருகிக்கொண்டு கிழக்குத் தெருவுக்கு நடந்தாள்.

காந்திமதி வக்கீல் அங்கிக்குக் கறுப்புத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். மெலிந்த, சுத்தமான, வேகமான பெண், ஊசியைப் பல்லில் வைத்துக்கொண்டே பேசுவாள். உங்ககிட்ட இருக்கிறதை வரைந்து காட்ட முடியுமா என்று ஆவுடை கேட்டதும், மிச்சத் துணியை மேஜையில் விரித்து, துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியால் வரைந்தாள். விலா எலும்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டுத்தையல் போட்டதுபோல நேர்த்தியாக வந்து விழுந்தன. அப்போது பஸ் வந்து நின்றது. ஆவுடை கைகாட்டிக் கூப்பிட, உதுமான் தோள்பையோடு இறங்கி வந்தார். இன்னொரு துண்டுத் துணியில் அவர் வரைந்தது கோணல்மாணலாக, படிக்கட்டில் தொங்கிக்கொண்டு எழுதியதுபோல நடுங்கியது. ஆனால் மூன்றாவது எலும்புக்குப் பக்கத்தில் அவர் சாக்குக்கட்டியை அழுத்தி ஒரு வெள்ளையை இழுகினார்.

"இங்கன ஒண்ணு இருக்கு மேடம். ஆனா எம்புட்டுப் பெருசுன்னு கேட்டா எனக்கு நிச்சயமில்ல. நம்ம ரோட்டுல அந்தக் குலுக்கு குலுக்குது, பட்டாணி அளவா இருந்தது பரவியும் போயிருக்கலாம். சமயத்துல அது நம்ம கைக்கறைதானோன்னும் தோணுது."

உதுமான் போனபிறகு ஆவுடை இரண்டு துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். காந்திமதி அவற்றைப் பார்க்கவில்லை, மெஷின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் துணியில் மூன்றாவது எலும்புக்குப் பக்கம் மட்டும் எதுவும் இல்லாமல், சுற்றியிருந்த கறுப்பைவிடக் கூடுதல் கறுப்பாக, ஈரவிரலால் துடைத்த இடம்போலத் தெரிந்தது.

"இங்க ஏதாவது இருந்ததாக்கா?" என்றாள் ஆவுடை, குரலைத் தாழ்த்தி.

காந்திமதி ஊசியை எடுத்துத் துணியில் குத்தி வைத்தாள். "இருந்துது. அழிச்சிட்டேன்."

"எப்படி அழிச்சீங்க?"

"அந்தப் பக்கம் நெனைக்காம இருந்தேன். மத்த எல்லாத்தையும் நெனைச்சேன், அத மட்டும் விட்டேன். நாளாக ஆகப் போயிருச்சு." அவள் குரல் உயர்ந்தது. "எங்கப்பா உங்க மில்லுலதான் மேடம் வேலை பாத்தாரு, பஞ்சு பறக்கிற எடத்துல. இதே மாதிரி ஒரு படம், இதே மாதிரி ஒரு வெள்ளை. அதச் சொல்லாதீக, அவரு தாங்கமாட்டாருன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். எங்கக்கா போய்ச் சொல்லிட்டா. அன்னைக்குத் திரும்பிப் படுத்தவரு அப்புறம் எந்திரிக்கல. இந்த ஆளு யாரு பெத்த புள்ளையோ. எங்கிட்ட இருக்கிற வரைக்குமாவது நல்லா இருக்கட்டும்னுதான்..."

வெளியே காற்று ஒரு தகரத்தை இழுத்துக்கொண்டு போனது. ஆவுடைக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. பெட்டிகள் கெடுவதை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள், சூட்டில் கெடும், தூசியில் கெடும், இரக்கத்தால் ஒரு நோடு கெட்டு அவள் பார்த்தது இதுதான் முதல்முறை.

"அக்கா," என்றாள், "அது அந்த ஆளு நெஞ்சுல இப்பவும் இருக்கு. புதுப் படத்துல டாக்டர் பாத்துட்டாங்க. பழைய படத்துலயும் இருந்துதுன்னு தெரிஞ்சா அது வெறும் தழும்பு, வீட்டுக்குப் போகலாம். இல்லன்னு நாம சொன்னோம்னா வெள்ளிக்கிழமை நெஞ்சத் திறந்துருவாங்க."

காந்திமதிக்குப் புரிவதற்கு நேரமாயிற்று. புரிந்தபோது வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப அது இருந்தாத்தான் அவருக்கு நல்லதா?"

"இருந்தாத்தான்."

"நான் போட்டுருதேன். இப்பவே போட்டுருதேன்." சாக்குக்கட்டியை எடுத்தவள் துணிமேல் கையை வைத்துக்கொண்டு விழித்தாள். "எவ்வளவுன்னு மறந்துருச்சே. எங்கனன்னும் மறந்துருச்சே."

"குத்துமதிப்பாப் போட முடியாதுக்கா. வளர்ந்திருக்கான்னு அளந்து பாப்பாங்க. உதுமான் அண்ணன் சொல்றது கலங்கியிருக்கு. மூணாவது ஆளுகிட்ட கேட்டாத்தான் உண்டு. நான் வேணா போய்க் கேக்கேன்."

"நீங்க கேட்டாச் சொல்லமாட்டா. அடுத்த வீட்டுக்காரி கேக்கணும்னுதான ஊர்ல பேசியிருக்கு. அவ அதுலயே நிப்பா," என்றாள் காந்திமதி. மெஷினுக்குக் கீழே சிதறிக் கிடந்த துணித்துணுக்குகளைக் காற்று ஒரு மூலைக்கு ஒதுக்கி மறுபடி கலைத்தது. அவள் திடீரென்று எழுந்து, வெட்டாத கறுப்புத் துணியையே எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்து, சாக்குக்கட்டியைக் கைக்குள் மூடிக்கொண்டு வாசலில் இறங்கி, எப்போதும் இடது பக்கம் போகிறவள் அக்கா வீடு இருந்த வலது பக்கம் திரும்பினாள்.

தெருவே அதைப் பார்த்தது. குழாயடியில் குடங்கள் நிரம்பி வழிந்தன, ஒருத்தியும் குனியவில்லை.

பூலங்கொண்டாள் வாசல் நிலையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தங்கையைவிடப் பருமன், நரை கூடுதல். நிமிர்ந்து பார்த்துவிட்டு உரிப்பதைத் தொடர்ந்தாள்.

காந்திமதி தொண்டையைச் செருமினாள். "இருக்கியாக்கா?"

"இத்தனை வருசமா இங்கனதான இருக்கேன்."

சங்கிலி ஒட்டிக்கொண்டது. அந்தப் பதிலைக் காந்திமதி மேற்கே தள்ள வேண்டியதுகூட இல்லை, குழாயடியில் நின்ற பெண்கள் தாங்களாகவே பிடித்து அடுத்த வீட்டுக்குக் கத்தினார்கள், அது தெருத்தாண்டி மில்லை நோக்கிப் போனது.

"எங்கிட்ட ஒரு நெஞ்சு இருக்கு," என்றாள் காந்திமதி.

"எங்கிட்டயும் அதுதான் இருக்கு. உனக்கும் வந்திருக்குன்னு அன்னைக்கே தெரியும். உன் மெஷினு ராவும் பகலும் ஓடுச்சே, அதுலயே தெரிஞ்சிது."

"அந்த வெள்ளைய நான் அழிச்சிட்டேன்க்கா."

"நீ அழிப்பன்னும் தெரியும்."

"அது இருந்தா அந்த ஆளு பொழைச்சிருவாராம்."

வெங்காயம் உரித்த கை நின்றது. பூலங்கொண்டாள் தள்ளி நின்ற ஆவுடையைப் பார்த்தாள், ஆவுடை தலையசைத்தாள். அவள் முந்தானையில் கையைத் துடைத்து, துணியை வாங்கி வாசற்படியில் விரித்து வரைந்தாள். எலும்புகள் முதலில், அவற்றுக்கிடையே மேகம்போன்ற நிழல்கள், பிறகு மூன்றாவது எலும்பின் கீழ்விளிம்பில், பூண்டுப்பல் மாதிரி ஒரு பக்கம் கூர்த்து ஒரு பக்கம் உருண்டு, விரல்நகத்தில் கால்வாசி அளவுக்கு ஒரு வெள்ளை. உதுமான் இழுகிய இடத்தின் நட்டநடுவில் அது இருந்தது.

"தெனம் ஒருவாட்டி எடுத்துப் பாத்துக்குவேன்," என்றாள் வரைந்துகொண்டே. "அடுத்தவங்க பொருளு. மங்கிரக்கூடாதுல்லா."

காந்திமதி படியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அந்தப் புள்ளியையே பார்த்தாள். பிறகு, "அப்பாகிட்ட ஏன்க்கா சொன்ன?" என்றாள். கோபமாகக் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன கேள்வி, இப்போது வெறும் கேள்வியாக வந்தது.

"அவரு கேட்டாருட்டீ. ஏட்டி, அதுல என்னன்னு போட்டிருக்குன்னு எம் மூஞ்சியப் பாத்துக் கேட்டாரு."

"எங்கிட்டயும் கேட்டாரு. ஒண்ணுமில்லப்பா, சளிதான்னு சொன்னேன்."

பூலங்கொண்டாள் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தாள். "உங்கிட்டயும் கேட்டாரா? எனக்குத் தெரியாதே." "பெத்த புள்ளைக ரெண்டும் ஆளுக்கொண்ணு சொன்னா, அந்த மனுசன் எதைன்னு எடுப்பாரு? சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்தாரே, அதுக்குத்தானோ."

காந்திமதி அழுதாள், அக்காவும் அழுதாள், வெங்காயத்தால்தான் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆவுடை மெதுவாக அங்கிருந்து நகர்ந்து மில்லுக்கு நடந்தாள், பாதி வழியிலேயே ஓட ஆரம்பித்தாள்.

திரையில் பூலங்கொண்டாள் என்ற பெயர் பச்சையாக நின்றது. அவளுடையதையும் உதுமானுடையதையும் ஒப்பிட்டு, அவர் இழுகியதை அவள் தெளிவு நேராக்கி, இரண்டும் ஒன்றென்று கிளஸ்டர் ஒப்புக்கொண்டது. பிறகு அது வழக்கப்படி தவறிப்போன மூன்றாவது நகலைச் சரிசெய்யப் போனது. அந்த நேரத்தில் கிழக்குத் தெருவின் கடைசி வாசற்படியில் காந்திமதி நெஞ்சில் கைவைத்து, "வந்திருச்சுக்கா," என்றாளாம், "சின்னதாத்தான் இருக்கு," என்றாளாம். ஆவுடை தான் அடித்து வைத்திருந்த கட்டளையை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

அன்று சாயங்காலமே மெர்லின் டாக்டர் பேசினார். அதே இடம், அதே வடிவம், நூலிழைகூட வளரவில்லை. வெள்ளிக்கிழமைக்கு வைத்திருந்ததை ரத்து செய்துவிட்டோம், அந்த ஆள் கேன்டீனில் புரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றார். ஆவுடை அதைத் தாசையா கடையில் சொன்னாள். காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது.

காற்று தணிந்து, மலைமேல் சாரல் நின்று, ஒரு வழியாகக் கப்பலும் கரை சேர்ந்தது. புதிய பெட்டிகள் அலமாரிகளில் ஏறி விளக்குகள் எரிந்தன. துண்டுகளை அவற்றுக்கு மாற்றிவிட்டு ஊர்க்காரர்களை ஒவ்வொருவராக விடுவிக்கும்படி விசுவம் சொன்னார். ஒரே கட்டளையில் எல்லாரையும் விடுவித்திருக்கலாம், ஆனால் ஆவுடை ஆளாளாகக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர்கள் குளித்து, நல்ல உடுப்பு உடுத்தி, மகளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் போல வந்து நின்றார்கள். கொத்தனார் தன் வயிற்றுப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, அது பிறந்ததும் ஆணா பெண்ணா என்று மட்டும் எப்படியாவது கேட்டுச் சொல்லும்படி சொல்லி, அவர் பெண்டாட்டி வைத்த பெயரை ஆவுடையின் காதில் ஓதினார். ரெஜினா கொடுத்தபிறகும் கொஞ்சநேரம் அலமாரிக் கதவைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்காவும் தங்கையும் ஒன்றாக வந்து ஒன்றாகப் போனார்கள். எல்லாத் துண்டுகளும் போனபிறகு கணவாய்ப்பட்டி, விருந்தாளிகள் ஊருக்குப் போன வீடுபோலக் கொஞ்ச நாள் பெரிதாகவும் சத்தம் குறைந்தும் இருந்தது.

ஒரு மத்தியானம் வெங்காய மூட்டை ஏற்றிய லாரி ஒன்று டீக்கடை முன்னால் வந்து நின்றது. இறங்கிய டிரைவர் ஒல்லியான நீளமான மனிதர், தன் பெயர் செந்தட்டி என்றார், கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் விசாரித்து வந்ததாகவும், தன் படத்தை இந்த ஊரில் யாரோ பத்திரமாக வைத்திருந்ததாகச் சொன்னார்கள் என்றும் சொன்னார். ஏதோ ஆபீசைத் தேடி வந்தவரைத் தாசையா தையல் கடைக்குக் கூட்டிப் போனார். உதுமானுக்கு ஆள் போயிற்று, ஆவுடைக்கும் போயிற்று.

அவரை உட்காரவைத்து மூன்று பேரும் எதிரே நின்றார்கள். அவர் கூச்சத்தில் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர்களுக்கும் கூச்சமாக இருந்தது. அவர் தோலுக்கடியில் எலும்பு எலும்பாகத் தெரிந்தவர்களுக்கு அவர் மீசையும் அம்மைத்தழும்பும் புதிதாக இருந்தன.

"ரொம்ப நன்றிங்க," என்றார் செந்தட்டி.

காந்திமதிதான் கேட்டாள். "அண்ணாச்சி, எக்ஸ்ரே எடுக்கும்போது மூச்ச இழுத்துப் பிடிக்கச் சொல்வாகளே, சொன்னாகளா?"

"சொன்னாங்க தாயி. பலகையில நெஞ்ச ஒட்டி நிக்கச் சொல்லி, இழுத்துப் பிடிங்கன்னாங்க."

"பிடிச்ச மூச்சத்தான நாங்க இம்புட்டு நாளும் வச்சிருந்தோம். நீங்க அத விட்டீகளா இல்லியான்னு எங்களுக்குத் தெரியாதுல்லா."

அவர் சிரித்தார். "அன்னைக்கே விட்டுட்டேம்மா."

"இருக்கட்டும்," என்றாள் பூலங்கொண்டாள். "நாங்க பாக்கலியே. எங்க முன்னால ஒருக்க விடுங்க."

செந்தட்டி எல்லார் முகத்தையும் பார்த்தார், யாரும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று கண்டார், துண்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தான்கள் இழுபடும்படி ஆழமாக இழுத்துப் பிடித்தார். உதுமான் குனிந்தார், அக்காவும் தங்கையும் கையைக் கோத்துக்கொண்டு குனிந்தார்கள், வாசலில் நின்ற ஆவுடை தானும் பிடித்துக்கொண்டு நிற்பதை அறியவில்லை. பிறகு அவர் விட்டார். மெதுவாக, நீளமாக, வெங்காயமும் டீசலும் மணக்க, அது அவர்கள் முகத்தில் பட்டது.